மக்காச்சோளப் பொரியும் அதன்மேல் சேர்க்கத்தக்க பொருள்களும்

தமிழ்நாட்டுக் குடியானவர்களுக்குப் பொரி புதிதன்று. கார்த்திகைத் தீபத்தன்று நெற்பொரியும் அவற்பொரியும் வெல்லப் பாகில் உருட்டப்படுகின்றன. ஆயுத பூஜையன்று பொரியும் பொட்டுக்கடலையும் படைக்கப்படுகின்றன. தானியத்தை மணலில் வறுத்துப் பொரிக்கும் தொழில் பரம்பரையாகவே நடந்து வந்திருக்கிறது. பாப்கார்ன் என்று கடைகளில் வழங்கும் மக்காச்சோளப் பொரி இவ்வரிசையில் பின்னால் வந்து சேர்ந்ததாகும். இன்று அது சினிமாக் கொட்டகையோடு நில்லாமல், சந்தை, திருவிழா, பேருந்து நிலையம், பள்ளிக்கூட வாசல் ஆகிய எல்லா இடங்களுக்கும் வந்துவிட்டது. மக்காச்சோளம் பயிரிடும் கிராமங்களின் குழந்தைகளே அதைக் காசு கொடுத்து வாங்கித் தின்கிறார்கள்.

இப்பொரியைப்பற்றி இருவகை அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. உடம்புக்கு நல்ல, இலகுவான சிற்றுண்டி என்பது ஒன்று. கொழுப்பும் உப்பும் மிகுந்த கெட்ட தீனி என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. முன்னது தானியத்தைப் பற்றியது. பின்னது தானியத்தின்மேல் ஊற்றப்படும் பொருளைப் பற்றியது. தானியம் குற்றமற்றது, மேலே சேரும் பொருளின் தன்மையும் அளவுமே நன்மையையும் தீமையையும் உண்டாக்குகின்றன. ஆகையால் எந்தப் பொருளை, எவ்வளவு, எப்போது சேர்ப்பது என்பதை அறிந்துகொள்வது வீட்டாருக்கும் வியாபாரிக்கும் ஒருங்கே பயன் தரும்.

தானியம் பொரியும் விதம்

எல்லா மக்காச்சோளமும் பொரிவதில்லை. கோழித் தீவனத்திற்காகப் பெருவாரியாகப் பயிராகும் மக்காச்சோளத்தை வாணலியில் இட்டால் அது கருகுமே அல்லாமல் மலராது. பொரிக்கு உரிய இனம் வேறு. அதன் மணி சிறியது. தோல் மிகக் கடினமானது. உள்ளே கண்ணாடிபோன்ற கெட்டியான மாப்பொருளும், அதன் நடுவில் சிறிது ஈரமும் அடங்கியிருக்கும். மணி சூடேறும்போது அவ்வீரம் நீராவியாகிறது. தோல் கெட்டியாக இருப்பதால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே அழுத்தம் பெருகுகிறது. உஷ்ணம் சுமார் 180 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது உள்ளழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 9 மடங்காகிறது. அப்போது தோல் வெடித்து, வெந்து குழைந்திருந்த மாப்பொருள் ஆவியோடு வெளியே பொங்கி, அக்கணமே ஆறி, வெண்மையான நுரைபோல் உறைந்துவிடுகிறது. பொரி என்பது உறைந்த நுரையே. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் கூறப்படும் விஷயங்கள் எளிதில் விளங்கும்.

மணியில் இருக்கவேண்டிய ஈரம் நூற்றுக்கு 13½ முதல் 14 பங்கு. 12 பங்குக்குக் கீழே குறைந்தாலும், 15 பங்குக்கு மேலே போனாலும் பொரி சிறுத்து, பொரியாத மணிகள் அதிகமாகும். பொரிந்தபின்னர் எஞ்சும் ஈரமோ நூற்றுக்குச் சுமார் 3 பங்கேயாகும். மொறுமொறுப்புக்குக் காரணம் இவ்வரட்சியே.

பொரித்த மக்காச்சோளம் 100 கிராமில், கொழுப்பு எதுவும் சேர்க்காத நிலையில், சுமார் 13 கிராம் புரதமும், 4½ கிராம் கொழுப்பும், 14½ கிராம் நார்ச்சத்தும் உண்டு. தோலும் முளையும் நீக்கப்படாத முழுத் தானியமாதலால் நார்ச்சத்து இவ்வளவு மிகுதியாக இருக்கிறது. கொஞ்சம் தின்றாலும் வயிறு நிறைந்த உணர்ச்சி உண்டாகும். மைதாவினால் செய்து எண்ணெயில் பொரித்த தின்பண்டங்களோடு ஒப்பிட்டால் இதன் மேன்மை தெளிவாகும்.

வெண்ணெய் வந்து சேர்ந்த வரலாறு

மக்காச்சோளத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். பெரு நாட்டின் வட கடற்கரையில் பரேடோனஸ், ஹுவாகா ப்ரியெட்டா என்னும் இடங்களில் அகழ்ந்தெடுத்த கதிர்த் தண்டுகளையும் தோகைகளையும் ஆராய்ந்து, ஏறக்குறைய 6,700 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மக்கள் மக்காச்சோளத்தைப் பொரித்து உண்டார்கள் என்று 2012ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டார்கள். அப்பழங்கால மக்கள் கறவை மாடு வளர்த்தவர்கள் அல்லர். ஆகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்பொரி வெண்ணெயின்றியே உண்ணப்பட்டு வந்தது.

யந்திரத்தினால் பொரிக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் சிகாகோ நகரத்தவரான சார்லஸ் கிரெட்டர்ஸ் என்பவர். 1893ஆம் ஆண்டில் அந்நகரில் நடைபெற்ற பெரிய பொருட்காட்சியில் அவர் தமது நீராவிப் பொரி யந்திரத்தைக் காட்டினார். அதில் அவர் உபயோகித்த கலவை மூன்றில் இரண்டு பங்கு பன்றிக் கொழுப்பும், மூன்றில் ஒரு பங்கு நீர் நீக்கி உருக்கிய வெண்ணெயும், உப்புமாகும். நீர் நீக்கி உருக்கிய வெண்ணெய் என்பது நெய்யேயன்றி வேறன்று. முதன்முதலில் யந்திரம் செய்தவரே பச்சை வெண்ணெயைத் தம் பாத்திரத்தில் இடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1930க்குப் பின் வந்த பணமுடைக் காலத்தில் அமெரிக்கச் சினிமாக் கொட்டகைகளில் மலிவான இப்பொரி நிலைபெற்றது. பின்னர் உருகிய வெண்ணெயை, அல்லது வெண்ணெய்போல் மணக்கும் எண்ணெயை மேலே ஊற்றிக் கொடுப்பது வழக்கமாயிற்று. அவ்வழக்கமே சினிமாக் கொட்டகைகளின் வழியாகப் பிற நாடுகளுக்கும் பரவியது.

வெண்ணெயின் குறைகள்

வெண்ணெய் கெட்ட பொருள் அன்று. அதில் வைட்டமின் ஏ சத்து உண்டு. வாசனையும் சுவையும் உண்டு. ஆயினும் பொரிக்கு அது ஏற்றதாகாமைக்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, அதிலுள்ள நீர். கடை வெண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கு கொழுப்பும் 16 பங்கு நீரும் இருக்கின்றன. மோர் நன்றாகப் பிழியப்படாத வீட்டு வெண்ணெயில் நீர் இன்னும் அதிகமாயிருக்கும். 50 கிராம் மக்காச்சோளத்தைப் பொரித்து அதன்மேல் 50 கிராம் வெண்ணெயை உருக்கி ஊற்றினால், 8 கிராம் நீர் பொரியில் சேருகிறது. அப்பொரியில் இயற்கையாக எஞ்சிய ஈரமோ ஒன்றரை கிராமே. உறைந்த நுரைமேல் நீர் பட்டால் அது அமுங்கிச் சுருங்கும். வெண்ணெய் ஊற்றிய பொரி சிறிது நேரத்தில் தோல்போல் நவுத்துப்போவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, அது உஷ்ணம் தாங்காமை. வெண்ணெயிலுள்ள பாற்பொருள் சுமார் 150 டிகிரியிலேயே கருகிப் புகையத் தொடங்கும். மணி வெடிப்பதற்கோ 180 டிகிரி வேண்டும். ஆகையால் வெண்ணெயில் பொரிக்க முற்பட்டால், முதல் மணி வெடிக்குமுன் வெண்ணெய் கருகிக் கசந்துவிடும்.

மூன்றாவதும் முக்கியமானதும் அளவாகும். 50 கிராம் மக்காச்சோளம் சரீரத்திற்கு ஏறக்குறைய 190 கலோரி சக்தி தருகிறது. அதன்மேல் ஊற்றிய 50 கிராம் வெண்ணெய் தருவது சுமார் 360 கலோரி. உண்பவர் பொரி தின்பதாக நினைக்கிறார். உண்மையில் தானியத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சக்தியை வெண்ணெயாகவே உண்கிறார். அவ்வெண்ணெயில் உறையும் தன்மையுள்ள கொழுப்பு, அதாவது நிறைவுற்ற கொழுப்பு, 25 கிராம் இருக்கிறது. ஒரு நாளைய உணவின் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இக்கொழுப்பிலிருந்து வரலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. 2,000 கலோரி உண்பவருக்கு அது 22 கிராம் ஆகிறது. ஒரே தட்டுப் பொரியில் ஒரு நாளைய வரம்பு கடந்துபோவதை இதனால் உணரலாம். இக்கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் பெருகி, இருதய நோய்க்கு இடமுண்டாகிறது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் கிராமங்களிலும் பெருகிவரும் இக்காலத்தில் இதை அற்பமாக எண்ணுவதற்கில்லை.

கொழுப்பின் உண்மையான வேலை

வறண்ட பொரிமேல் உப்பைத் தூவினால் அது நில்லாமல் பாத்திரத்தின் அடியில் சேர்ந்துவிடுகிறது. மேலாக இருக்கும் பொரி சப்பென்றும், அடியிலுள்ளது கரிப்பாகவும் இருக்கும். உப்பும் பொடியும் ஒட்டுவதற்கு மெல்லிய பசை வேண்டும். அப்பசையாக இருப்பதும், நாவில் வாசனையைப் பரப்புவதுமே இங்குக் கொழுப்பின் வேலை. இதற்குப் பொரியை நனைக்கவேண்டியதில்லை; மெல்லிய பூச்சுப் போதும். 50 கிராம் மக்காச்சோளத்தின் பொரிக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது நான்கரை கிராம் அளவு, தாராளமாகப் போதும். அதிலிருந்து வரும் சக்தி சுமார் 40 கலோரியே. வெண்ணெய் 50 கிராமோடு ஒப்பிட்டால் இது ஒன்பதில் ஒரு பங்கு.

அவ்வாறு குறைந்த அளவில் வேலை செய்ய வேண்டுமானால், அக்கொழுப்பில் நீர் இருக்கலாகாது. வாசனை மிகுந்திருக்க வேண்டும். இவ்விரண்டு இலட்சணங்களும் பொருந்திய பொருள்கள் குடியானவர் வீட்டிலேயே இருக்கின்றன.

நெய்: வெண்ணெயை உருக்கும்போது முதலில் சலசலவென்று சப்தம் எழுகிறது. நீர் ஆவியாகும் ஓசை அது. சப்தம் அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகும்போது நீர் வற்றிவிட்டதென்று அறியலாம். அச்சமயத்தில் ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு இறக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. இவ்வாறு உருக்கி வடித்த நெய்யில் கொழுப்பு 99 பங்குக்குமேல் இருக்கும். பாற்பொருள் சிவக்கும்போது உண்டாகும் மணத்தினால், ஒரு தேக்கரண்டி நெய் தரும் வாசனையை அதைப்போல் பன்மடங்கு வெண்ணெயும் தராது. இதனால் நெய் மருந்து என்று கருதிவிடக் கூடாது. எடைக்கு எடை பார்த்தால் வெண்ணெயைவிட நெய்யிலேயே நிறைவுற்ற கொழுப்பு அதிகம். நன்மை யாவும் அளவைக் குறைக்க முடிவதிலேயே இருக்கிறது. கரண்டியால் அளக்காமல் சாய்த்து ஊற்றினால் நெய்க்கும் வெண்ணெய்க்கும் பேதமில்லை.

நல்லெண்ணெய்: எள்ளெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்குச் சுமார் 14 பங்கே. எளிதில் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும் இயற்கைப் பொருள்கள் அதில் அமைந்திருக்கின்றன. காரப் பொடிகளோடு அதன் வாசனை பொருந்துவதை இட்லிக்குப் பொடி குழைத்துண்ணும் வீடுகள் நன்கறியும். அன்றாட உபயோகத்திற்கு இதுவே சிறந்ததெனலாம்.

கடலை எண்ணெய்: இதிலும் நிறைவுற்ற கொழுப்புக் குறைவு. உஷ்ணம் தாங்கும் குணம் உண்டாதலால் பொரிப்பதற்கு ஏற்றது.

தேங்காய் எண்ணெய்: இதில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்குச் சுமார் 90 பங்கு இருப்பதால் மிகவும் அளவோடு சேர்க்க வேண்டும். அமெரிக்கச் சினிமாக் கொட்டகைகள் பெரும்பாலும் இவ்வெண்ணெயிலேயே பொரித்து வந்தன. 1994ஆம் ஆண்டில் நுகர்வோர் நலச் சங்கம் ஒன்று அப்பொரியைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டபின், பல கொட்டகைகள் வேறு எண்ணெய்க்கு மாறின. எண்ணெய் நல்லதாயினும் அளவு மீறினால் கேடு விளையும் என்பதற்கு இது சான்று.

வனஸ்பதி: இதை விலக்குவதே உத்தமம். எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைப் பகுதியளவு சேர்த்துக் கெட்டியாக்கும்போது மாறுகொழுப்பு என்னும் பொருள் உண்டாகிறது. அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலைப் பெருக்குவதோடு நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கவும் செய்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் இதன் அளவை நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாதென்று வரையறுத்து, 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் அமுலுக்குக் கொண்டுவந்தது.

பொரிக்கும் முறை

கொழுப்பே இல்லாமல் பொரிக்கும் முறை மணல் வறுவலாகும். சுத்தமாகக் கழுவி உலர்த்திய ஆற்று மணலை இரும்புச் சட்டியில் நன்றாகக் காய்ச்சி, மணியைப் போட்டுக் கிளறி, பொரிந்தவுடன் சல்லடையில் சலித்தெடுக்க வேண்டும். சலித்தபின் சிறுமணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வீட்டிற்கு எளிது மூடிய பாத்திரத்தில் பொரிப்பதாகும். அடி கனத்த பாத்திரத்தில் கடலை எண்ணெய் ஒரு தேக்கரண்டியும், மஞ்சள் பொடி ஒரு சிட்டிகையும் இட்டுக் காய வைக்க வேண்டும். மஞ்சள் எண்ணெயில் கலந்து பொரிக்கு வெண்ணெய் நிறத்தைத் தருமாதலால் வேறு சாயம் தேவையில்லை. இரண்டு மூன்று மணிகளைப் போட்டு, அவை வெடித்தபின் 50 கிராம் மணியைப் போட்டு மூடி, இடையிடையே பாத்திரத்தைக் குலுக்க வேண்டும். மூடியைச் சிறிது இடைவெளி விட்டு வைப்பது முக்கியம். இல்லாவிடில் வெளிப்பட்ட ஆவி உள்ளேயே தங்கிப் பொரியை நவுக்கச் செய்யும். வெடிச் சப்தம் இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்றாகக் குறைந்தவுடன் இறக்கிவிட வேண்டும். நல்ல மணியானால் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் கொள்ளும் பாத்திரம் நிறையும். இரண்டு மூன்று பேருக்கு இது போதும்.

பொரியை அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, சூடு ஆறுமுன் நெய்யையோ நல்லெண்ணெயையோ ஒரு தேக்கரண்டி எடுத்து நடுவில் ஊற்றாமல், தாம்பாளத்தின் ஓரத்தைச் சுற்றிலும் விட்டுப் புரட்ட வேண்டும். நடுவில் ஊற்றினால் பத்துப் பொரி எல்லாவற்றையும் குடித்துவிடும். பூச்சுச் சமமாகப் பரவியபின், பொடியை மெல்லிய சல்லடையினால் தூவி மறுபடி புரட்ட வேண்டும். கொழுப்பு முன், பொடி பின் என்பது விதி.

உப்பைப் பொறுத்தவரையில் கல்லுப்பு உதவாது. அதை அம்மியிலோ யந்திரத்திலோ மாவுபோல் அரைத்துக்கொண்டால், பாதியளவு உப்பே முழுச் சுவையையும் கொடுக்கும். மேற்கூறிய அளவுப் பொரிக்குக் கால் தேக்கரண்டி உப்புப் போதும். ஒருவர் நாள் முழுவதும் உண்ணத்தக்க உப்பு 5 கிராமுக்குக் குறைவாயிருக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. பொடியின் காரமும் மணமும் மிகுந்தால் உப்பின் தேவை தானே குறையும்.

சேர்க்கத்தக்க பொடிகள்

பொடிகள் எவையாயினும் ஈரமின்றி உலர்ந்திருக்க வேண்டும். எலுமிச்சஞ்சாறு, பச்சைக் கொத்தமல்லி முதலிய நீருள்ளவற்றைச் சேர்த்தால் வெண்ணெயினால் உண்டாகும் அதே குறை உண்டாகும். கீழ்க்கண்டவை கிராமத்தில் எளிதில் கிடைக்கத்தக்கவை. 50 கிராம் மணியின் பொரிக்கு ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி சேர்க்கலாம்.

மிளகு, சீரகப் பொடி: இரண்டையும் சம அளவு எடுத்து இலேசாக வறுத்துப் பொடித்தது. நெய்யோடு மிகவும் பொருந்தும். காரமானதால் இதை மட்டும் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்த வேண்டும்.

கறிவேப்பிலைப் பொடி: இலையை நிழலில் உலர்த்தி, மொறுமொறுப்பாகும்வரை வறுத்து, சிறிது உளுத்தம்பருப்பும் மிளகாயும் சேர்த்துப் பொடித்தது. நல்லெண்ணெயோடு சேர்க்கலாம்.

முருங்கை இலைப் பொடி: நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்துச் சலித்தது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்தது. கீரை என்றால் முகஞ்சுளிக்கும் குழந்தைகளும் பொரிமேல் தூவினால் உண்பார்கள். சிறிது கசப்பிருப்பதால் வறுத்த பூண்டுப் பொடியோடு கலப்பது நல்லது.

எள்ளுப் பொடி: தோல் நீக்காத கருப்பெள்ளை வறுத்து, மிளகாய் வற்றல் சேர்த்துக் கொரகொரப்பின்றிப் பொடித்தது. சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. எள்ளிலேயே எண்ணெய் இருப்பதால் மேலே விடும் எண்ணெயைப் பாதியாகக் குறைக்கலாம்.

பொட்டுக்கடலைப் பொடி: பொட்டுக்கடலை, பூண்டு, மிளகாய் இவற்றை வறுத்துப் பொடித்தது. தானியத்தின் புரதமும் பருப்பின் புரதமும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்புமாதலால், வளரும் குழந்தைகளுக்கு இது சிறந்தது.

வெல்லப் பாகு: பொரி உருண்டைபோல் மக்காச்சோளப் பொரியையும் பாகில் பிடிக்கலாம். பாகு உருட்டும் பதம் வந்தபின் சேர்த்தால் பொரி நவுக்காது. இதைப் பண்டிகைக்குரிய பண்டமாகக் கொள்வதே தகும். வெல்லமும் சர்க்கரையே, நீரிழிவு உள்ளவர்கள் சீனிக்கு மாற்றாக இதை உண்ணலாமென்று நினைப்பது தவறு.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எவ்வகைப் பொரியும் கொடுக்கலாகாது. அதன் தோலும் பொரியாத மணியும் மூச்சுக்குழலில் சிக்கி உயிருக்கே ஆபத்து உண்டாகலாம்.

வெண்ணெய் வாசனைச் சரக்குகள்

வெண்ணெய் விலை உயர்ந்ததாதலால், வெண்ணெய்போல் மணக்கும் செயற்கைச் சரக்குகள் கடைகளுக்கு வந்தன. அவற்றில் முக்கியமானது டையசிடைல் என்னும் இரசாயனம். இயற்கை வெண்ணெயிலும் இது மிகச் சிறிதளவு உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த பொரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்திருந்த எட்டுப் பேருக்கு, மீளாத கடும் நுரையீரல் நோய் கண்டிருந்தது தெரியவந்தது. அரசாங்க நிபுணர்கள் ஆராய்ந்ததில், சூடான வாசனைச் சரக்கின் ஆவியை நாள்தோறும் சுவாசித்ததற்கும் அந்நோய்க்கும் தொடர்பு காணப்பட்டது. 2007ஆம் ஆண்டில் அந்நாட்டின் பெரிய பொரிக் கம்பெனிகள் அதை விலக்கத் தொடங்கின. எப்போதோ ஒருமுறை பொரி உண்பவருக்கு நேர்ந்த தீங்கன்று இது. நாள் முழுதும் அடுப்பருகில் நிற்கும் தொழிலாளிக்கு நேர்ந்தது. ஆகவே பொரித் தொழில் தொடங்க எண்ணும் மகளிர் குழுவினரும் சிறு வியாபாரிகளும் செயற்கை வாசனைச் சரக்கைச் சூடாக்கி அதன் ஆவியைச் சுவாசிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒரு கரண்டி நெய் உள்ள இடத்தில் அச்சரக்குக்கு அவசியமே இல்லை.

சாகுபடி செய்வோர் கவனிக்க வேண்டியவை

மணி நன்றாயிருந்தால் பொரி பெரிதாகவும் மென்மையாகவும் மலர்ந்து, சிறிது உப்போடேயே சுவைக்கும். மணி கெட்டிருந்தால், அக்குறையை மறைக்கவே வெண்ணெயை ஊற்ற நேரிடுகிறது. அமெரிக்காவில் முன்பு மாவட்ட விவசாய ஆலோசகராக இருந்த ஆர்வில் ரெடன்பாக்கர், சார்லஸ் போமன் என்னும் தோழரோடு பல ஆண்டுகள் முயன்று, 1965ஆம் ஆண்டில் மிகப் பெரிதாய்ப் பொரியும் ஒட்டு ரகத்தைக் கண்டார். அவர் பெரும் புகழ் பெற்றது மேற்பூச்சினால் அன்று, மணியினாலேயே.

இந்தியாவில் அம்பர் பாப்கார்ன், பேர்ல் பாப்கார்ன் ஆகியவையும், அல்மோரா ஆராய்ச்சி நிலையத்தின் வி.எல். அம்பர் பாப்கார்னும் பொரிக்கென்று வெளியிடப்பட்ட ரகங்களாகும். சாதாரண மக்காச்சோளத்தின் மகரந்தம் கலந்தால் பொரியும் குணம் குறையக்கூடும். ஆகையால் இரண்டையும் அடுத்தடுத்து விதைக்காமல் வயலைத் தள்ளியோ, பூக்கும் காலம் ஒன்றாக வராதபடி விதைப்பை மாற்றியோ பயிரிட வேண்டும். கதிர் நன்றாக முற்றியபின் அறுத்து, கதிராகவே நிழலில் உலர்த்துவது நல்லது. தார் ரோட்டில் கடும் வெயிலில் காய வைத்தால் தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகும். யந்திரத்தில் வேகமாக அடித்தாலும் தோல் கீறும். கீறிய மணியில் ஆவி கசிந்துவிடுமாதலால் அது பொரியாது. சிறிய அளவாயின் கையால் உதிர்ப்பதே சிறந்தது.

மணி அதிகமாகக் காய்ந்துவிட்டால் திருத்த வழியுண்டு. காற்றுப் புகாத டப்பாவில் ஒரு கிலோ மணியை இட்டு, ஒரு மேசைக்கரண்டி நீர் தெளித்து, நன்றாகக் குலுக்கி மூடி, நாளைக்கு இருமுறை குலுக்கி, மூன்று நாள் கழித்துச் சிறிது பொரித்துப் பார்க்கலாம். போதாதெனில் மறுமுறையும் செய்யலாம். அதற்குமேல் நீர் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட மணியை உண்ணவோ விற்கவோ கூடாது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் பொரி விற்போரிடம் மூன்று விஷயங்களை விசாரிப்பது நலம். எண்ணெய் புதியதா என்பது ஒன்று. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் தீய பொருள்கள் சேருகின்றன. அவற்றின் மொத்த அளவு நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயை உபயோகிக்கக் கூடாதென்ற விதி 2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் அமுலுக்கு வந்தது. கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயைப் பார்த்த மாத்திரத்திலேயே அறியலாம். பளிச்சென்ற மஞ்சள் நிறம் எதனால் வந்தது என்பது இரண்டாவது. மெட்டானில் மஞ்சள் என்னும் சாயம் உணவுக்கு அனுமதிக்கப்படாதது. பொரியை எதில் கட்டிக் கொடுக்கிறார்கள் என்பது மூன்றாவது. அச்சிட்ட செய்தித்தாளின் மை நெய்ப்பிசுக்கில் கரைந்து பொரியில் ஏறும். வெள்ளைக் காகிதப் பையோ, வாழையிலையோ, மந்தாரை இலையோ போதுமானது.

ஏழை வியாபாரியை அதட்டுவதால் பயனில்லை. நல்ல முறையைச் செய்து காட்டினால் அவரே அதை மேற்கொள்வார். ஏனெனில் வெண்ணெயையும் வனஸ்பதியையும் நிறைய ஊற்றுவதைவிட, ஒரு கரண்டி நல்லெண்ணெயும் ஒரு பிடி கறிவேப்பிலைப் பொடியும் அவருக்கு மலிவாகவே முடியும்.

சுருக்கம்

1. பொரிக்குரிய ரகத்தின் முழு மணியை மட்டும் பொரிக்கவும். ஈரம் நூற்றுக்கு 13½ முதல் 14 பங்கு இருக்கட்டும்.

2. பச்சை வெண்ணெயை மேலே ஊற்ற வேண்டாம். அதன் நீர் பொரியைக் கெடுக்கும், அதன் அளவு உடம்பைக் கெடுக்கும்.

3. 50 கிராம் மணிக்குப் பொரிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெயும், மேலே பூச ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ போதும். கரண்டியால் அளந்தே விடவும்.

4. கொழுப்பை முன்னும், உலர்ந்த பொடியைப் பின்னும் சேர்க்கவும். உப்பை மாவுபோல் அரைத்துக் கால் தேக்கரண்டியோடு நிறுத்தவும்.

5. வனஸ்பதி, பலமுறை காய்ச்சிய எண்ணெய், அனுமதியற்ற சாயம், செயற்கை வெண்ணெய் வாசனை ஆகியவற்றை விலக்கவும்.

6. செய்த அன்றே உண்ணவும். மிஞ்சினால் நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.